பனிக்குப் பயந்து படுத்துக் கிடப்பதா?

திருத்தணி என்றால் பலருக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, முருகன். இன்னொன்று, வெயில்!

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் போதும். இன்று அதிகமாக வெயில் அடித்த ஊர்கள் எவை என்று சொல்லும்போது, வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிபடும். ஆடிக் கிருத்திகை வருகிறதே, அப்போதும் வெயில் முழுவதும் அடங்கியிருக்காது. காவடி தூக்கிக்கொண்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மலை ஏறுவார்கள். கல் படி காலைச் சுடும். வெளியூரிலிருந்து வந்து போகிறவர்களில் அநேகம் பேர் அந்தத் திருத்தணியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மார்கழித் திருத்தணி வேறு. மழை ஓய்ந்து, மலை பச்சைப் பசேல் என்று நிற்கும். விடியற்காலையில் ஊரின் மேல் வெள்ளைத் துப்பட்டி விரித்ததுபோல் மூடுபனி கிடக்கும். அதற்கு மேலே கோவில் கோபுரம் மட்டும் தெரியும். தணிகை என்ற பெயருக்கே தணிதல் என்றுதான் பொருள் சொல்வார்கள். சூரனோடு போர் செய்த கோபம் இங்கே வந்துதான் முருகனுக்குத் தணிந்ததாம். அதனால் திருச்செந்தூரில் நடப்பதுபோல் இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. கந்த சஷ்டிக்குப் பூக்களைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். கோபம் தணிந்த ஊரில் வெயிலும் தணிகிற காலம் இது.

ஆனால், நாம் என்ன செய்கிறோம்? சாயங்காலம் ஆறு மணி ஆனதும் ஜன்னலைச் சாத்துகிறோம். குழந்தைகளுக்கு மங்கி குல்லா மாட்டுகிறோம். காதில் பஞ்சு வைக்கிறோம். "பனியில் போகாதே, சளி பிடிக்கும்" என்று அதட்டி உட்கார வைக்கிறோம். அதுகளும் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடுகின்றன. ஒன்பது மாதம் வெயிலைத் திட்டுகிறோம். குளிர்ச்சியாக இருக்கிற மூன்று மாதத்தையும் நாலு சுவருக்குள்ளே கழித்துவிடுகிறோம்.

இது சரியா? சரியில்லை என்பதுதான் நம் அபிப்பிராயம்.

பனி "பெய்கிறதா"?

முதலில் இந்தப் பனி என்பது என்னவென்று பார்ப்போம். பனி பெய்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது மழைபோல் வானத்திலிருந்து கொட்டுவது அல்ல. ஒரு செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் செம்பின் வெளிப்புறம் வியர்த்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த செம்பின் மேல் பட்டுத் தண்ணீர் ஆகிறது. புல்லின் மேலும் ஓட்டின் மேலும் நடப்பது இதேதான்.

பூமி பகலெல்லாம் வாங்கிக்கொண்ட உஷ்ணத்தை இரவில் வெளியே விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடியிருக்கும். அது போர்வை மாதிரி அந்தச் சூட்டைத் தடுத்துவிடும். மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் கலைந்துவிடுகிறது. போர்வை இல்லாத பூமி சீக்கிரம் குளிர்ந்து போகிறது. பொழுதும் குறைவு. டிசம்பர் 21, 22 தேதிகளில் நம் பக்கத்தில் பகல் சுமார் 11 மணி 20 நிமிஷந்தான்.

சென்னையைவிடத் திருத்தணியில் ஏன் குளிர் அதிகம்? சென்னைக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது. கடல் சீக்கிரத்தில் சூடாவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. கரையோர ஊர்களில் இரவின் குளிரை அது மட்டுப்படுத்தும். திருத்தணி கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அதே காரணத்தால்தான் கோடையில் இங்கே வெயில் கொளுத்துகிறது. பனியில் மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காற்று அசையாத இரவில், குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தங்கும். விடியுமுன் மலை ஏறுகிறவர்கள் கவனித்துப் பாருங்கள். அடிவாரத்தில் சரவணப் பொய்கைக்கு அருகில் பல் கிட்டும். பாதி மலை ஏறியதும் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். ஏறின சிரமம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல!

சளி யாரால் வருகிறது?

சரி, சளிக்கு வருவோம். ஜலதோஷத்தைக் கொண்டுவருவது பனி அல்ல. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமிகள். சளி பிடித்தவர் தும்மினால், இருமினால், கையைத் துடைக்காமல் கதவைத் தொட்டால், அடுத்தவருக்குப் போகும். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுத்தால் என்ன ஆகும்? கிருமிக்குக் கொண்டாட்டம். திறந்த வெளியில் அது காற்றோடு சிதறிப் போகிறது. பனிக்காலத்தில் சளி அதிகம் என்பது உண்மை. அதற்கு நாம் உள்ளே அடைந்து கிடப்பதும் ஒரு காரணம். இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் காதில் பஞ்சும் தலையில் மங்கி குல்லாவுமாக வளர்ந்தவன்தான். அம்மாக்களின் பயத்தைக் கேலி செய்யவில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குக் குளிர்ந்த காற்று மூச்சிரைப்பை உண்டாக்கும். இருதய நோய் உள்ள பெரியவர்களும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அவர்கள் வெயில் ஏறின பிறகு வெளியே வரட்டும். மற்றவர்களுக்கு என்ன?

இன்னொரு பேச்சு பல வருஷங்களாக உலவுகிறது. மார்கழி விடியற்காலையில் காற்றில் ஓசோன் நிறைந்திருக்கும், அது உடம்புக்கு நல்லது, அதற்காகத்தான் பெரியவர்கள் விடியுமுன் கோலம் போடச் சொன்னார்கள் என்று. இதில் உண்மை இல்லை. நம்மைக் காக்கும் ஓசோன் பல மைல் உயரத்தில் இருக்கிறது. தரைக்கு அருகில் உண்டாகும் ஓசோன், வண்டிப் புகை முதலியவற்றின் மேல் வெயில் படுவதால் வருவது. அது நெஞ்சுக்குக் கெடுதல். நல்ல வேளை, விடியற்காலையில் அது மிகக் குறைவு. கோலம் போடுவதற்கு ஓசோன் சாட்சி தேவையில்லை. வாசல் அழகாக இருக்கிறது, குனிந்து நிமிர்ந்து உடம்புக்கு வேலை கிடைக்கிறது, எதிர்வீட்டு அக்காவோடு நாலு வார்த்தை பேச முடிகிறது. போதாதா?

எல்லை ஊரில் மார்கழி வாசல் இன்னும் விசேஷம். 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடியதைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். எல்லைக் கோடு தேசப்படத்தில் இருக்கிறது. தெருவில் இல்லை. தமிழ் வீட்டு வாசலில் சாணப் பிள்ளையாருக்குப் பரங்கிப் பூ. தெலுங்கு வீட்டு வாசலில் அதே சாண உருண்டைக்கு, அதே பூ. அங்கே அதற்குப் பெயர் கொப்பெம்மா. அலங்கரித்த மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவன் இரண்டு வாசலிலும் நிற்பான். தலையாட்டும் மாட்டுக்கு இரண்டு பாஷையும் தெரியும்.

துரோம்சோவைப் பாருங்கள்

நார்வே தேசத்தின் வடகோடியில், கடலோரத்தில், துரோம்சோ என்று ஒரு பட்டணம் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை! நடுப்பகலில் கொஞ்சம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். ஊரெல்லாம் உறைபனி. அந்த ஊர் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டா இருக்கிறார்கள்? வழியெல்லாம் விளக்குப் போட்டு, காலில் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தேசங்களில் கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே தூங்கப் போடுவது சகஜம். கெட்ட பருவம் என்று ஒன்று இல்லை, கெட்ட உடைதான் உண்டு என்று அவர்கள் சொல்வார்கள்.

அது வெள்ளைக்காரர் உடம்பு, நமக்கு ஆகாது என்கிறீர்களா? யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்த இலங்கைத் தமிழர் பலர், போரினால் ஊரை விட்டு, அதே வட நார்வேயில் ஃபின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து பிழைத்தார்கள். அவர்கள் குழந்தைகளும் அந்தப் பனியில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். நம் 20 டிகிரி அவர்களுக்குக் கோடைக்காலம்!

365 படிகள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. வாகனங்கள் போக ரோடும் இருக்கிறது. அந்த ரோடு வேண்டியதுதான். முழங்கால் வலிக்கிற பாட்டி, கைக்குழந்தைக்காரி, நடக்க முடியாதவர்கள் எல்லோரும் அதில் போகட்டும். பத்து வயதுப் பையன் காரில் உட்கார்ந்தபடியே மலை ஏறிப் பத்து நிமிஷத்தில் இறங்கி வருவதுதான் நமக்குப் பிடிக்கவில்லை. கேட்டால், திருத்தணி பார்த்தாயிற்று என்பான். அவன் பார்த்தது வண்டி நிறுத்தும் இடத்தை!

படி வழியாகப் போனால், நின்று நின்று ஏறினாலும் அரைமணி நேரம் ஆகும். இந்தக் காலத்தில் அது ஒரு கஷ்டமே அல்ல. மேலே நின்று வடக்கே பாருங்கள். பனி விலகினதும் நகரி மலைகள் தெரியும். அவற்றில் ஒரு சிகரம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். நகரி மூக்கு என்றே வெள்ளைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். வங்கக் கடலில் வந்த கப்பல்காரர்களுக்குக் கரையின் அடையாளம் அதுதான். கீழே பார்த்தால் ஏரிகள், கரும்புக் காடு, ரேணிகுண்டாவுக்குப் போகும் ரயில் பாதை. எந்தப் பாடப் புத்தகமும் குழந்தைகளுக்கு இவ்வளவு பூகோளத்தை ஒரே பார்வையில் காட்டாது.

இந்தப் படிகளுக்கு ஒரு திருவிழாவே உண்டு. டிசம்பர் 31-ந் தேதி நடக்கும் படித் திருவிழா. அது வந்த கதை சுவையானது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், ஜனவரி 1-ந் தேதி என்றால் நம்மவர்கள் பழத்தட்டும் மாலையுமாகத் துரைகள் வீட்டு வாசலில் காத்து நிற்பார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870-1950) திருப்புகழைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியவர். அவருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. துரைக்குத் துரையான தணிகைத் துரையைப் பார்க்க வாருங்கள் என்று ஜனங்களை இங்கே அழைத்தார். இது நடந்து நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிறது. இன்றும் பஜனைக் கோஷ்டிகள் ஒவ்வொரு படியிலும் மஞ்சள், குங்குமம் இட்டு, சூடம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். நள்ளிரவில் புதுவருஷம் பிறக்கிறது. வானத்தில் நட்சத்திரம், மலையில் சூடத்தின் ஒளி. ஆயிரக்கணக்கான ஆண், பெண், குழந்தைகள் பனியில் நிற்கிறார்கள். சளி பிடிக்கும் என்று ஒருவரும் ஓடிப்போவதில்லை!

பக்கத்தில் திருவாலங்காட்டிலும் அப்படியே. நடராஜருடைய ஐந்து சபைகளில் ரத்தினசபை அதுதான். மார்கழித் திருவாதிரை இரவு அங்கே ஜனங்கள் பனியில் கண் விழித்து அபிஷேகம் பார்க்கிறார்கள். பனியில் வெளியே வருவது புது நாகரிகம் அல்ல. நம் தாத்தா, பாட்டிகளுக்கு அது வழக்கமாகத்தான் இருந்தது. முன்பனி, பின்பனி என்று வருஷத்தின் ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே கொடுத்தவர்கள் தமிழர்கள்.

கோவிலுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. ஏரிக்கரை மேல் நடக்கலாம். வயலில் மொச்சையும் அவரையும் காய்த்துக் கிடக்கின்றன. கரும்பு வெட்டுக்கு நிற்கிறது. தை பிறந்தால் பனங்கிழங்கு வரும். குழந்தைகள் அதைச் சந்தையில் பார்த்திருக்கலாம், மண்ணைத் தோண்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறார்களா? மத்தியானத்து இளவெயிலில் வரப்பில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவதற்கு நயா பைசா செலவு இல்லை. சித்திரையில் இதைச் செய்ய முடியுமா?

அதே ஜில்லாவில் கடலும் உண்டு

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே திருத்தணி மலை, கிழக்கே பழவேற்காடு. ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி, இந்தியாவில் பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், மீதி நம் பக்கம். பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து இறங்குகின்றன. நீண்ட காலும் வளைந்த மூக்குமாக ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாக நிற்கும். இறக்கையை விரித்தால் செம்பருத்திப் பூ விரிந்த மாதிரி இருக்கும். பிறக்கும்போது அவற்றுக்கு அந்த நிறம் கிடையாது. சேற்று நீரில் தின்னும் பாசியும் சிறு இறால் வகைகளும்தான் அந்தச் சிவப்பைக் கொடுக்கின்றன. டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். கோட்டை போய்விட்டது. கல்லறைகள் இருக்கின்றன, எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு! பெரியவர்கள் சற்றுத் தயங்கினாலும் பையன்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். 2011-ஆம் ஆண்டு, டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறை. குடும்பத்தோடு பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்கள் ஒரு படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். காலையில் இட்லி கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் சாயங்காலம் வீடு திரும்பவில்லை. பூநாரையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். படகில் வந்து விரட்டினால் அதற்கும் நிம்மதி இல்லை. மிதவைச் சட்டை கொடுக்காத படகில், படகோட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும், யாரும் ஏறவேண்டாம். அம்மாமார்கள் பனியைப் பார்த்துப் படுகிற பயத்தில் பாதியைத் தண்ணீரைப் பார்த்துப் படலாம்.

புகை போடாதீர்கள்

பனிக்காலத்தின் நல்ல காற்றைக் கெடுப்பவர்களும் நாமேதான். குளிர்ந்த காற்று கனமாகித் தரையில் தங்கும் என்று மேலே சொன்னோம். அது புகையையும் மேலே போகவிடாமல் அமுக்கி வைத்துக்கொள்ளும். போகிப் பண்டிகையன்று பழைய பாயும் கிழிந்த முறமும் எரித்த காலம் ஒன்று. இப்போது டயர், பிளாஸ்டிக் எல்லாம் எரிகின்றன. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, போகியன்று காலை, சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து, எதிரே இருப்பது தெரியாமல் போயிற்று. விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்தில் வந்தவர்கள் பெங்களூரில் இறங்கிக்கொள்ளலாம். நம் குழந்தையின் நெஞ்சுக்குள் போன புகை எங்கே இறங்கும்?

மலைப் படியோரம் கிடக்கும் குப்பையும் அப்படியே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் குவளைகளுக்கும் தடை இருக்கிறது. அர்ச்சனைத் தட்டு வாங்க வீட்டிலிருந்தே மஞ்சள் பை எடுத்துப் போக என்ன தடை?

அதிகாரிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. விடியுமுன் ஏறுகிறவர்களுக்குப் படி வழியில் விளக்கு எரியவேண்டும். நடுவில் குடிதண்ணீர் வேண்டும். பெண்கள் போய்வரச் சுத்தமான கழிப்பிடம் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பாதிப்பேர் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடப்பார்கள். அரைப் பரீட்சை விடுமுறை வருகிறது. பள்ளிக்கூட மைதானங்களின் கதவைப் பூட்டி வைக்காமல், காலையும் மாலையும் திறந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் ஓடி விளையாடும். புதிதாக எதையும் கட்டவேண்டாம், பூட்டைத் திறந்தால் போதும்.

சென்னையில் இருப்பவர்களுக்குத் திருத்தணி தூரம் இல்லை. புறநகர் மின்சார ரயில் வருகிறது. காலைப் பிடித்து வந்தால் சாயங்காலம் திரும்பிவிடலாம். ஒரு சால்வை, தண்ணீர்க் கூஜா, புளியோதரை, மஞ்சள் பை. ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருடைய மருந்து.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஆனால், மாசிப் பனிக்கு ஆயுசு குறைவு. சிவராத்திரி வந்தால் குளிர் "சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டு போய்விடும் என்று எல்லைக்கு அப்பால் தெலுங்குக்காரர்கள் சொல்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் இன்னும் இரண்டு மாதத்துச் சொச்சம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு படிக்கல் மறுபடியும் சுட ஆரம்பித்துவிடும்.